ஹப் பெட்டியும் அதன் லைட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், சோமனூர், ஈரோடு என்று சுற்றி ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுப்பது என் வேலை. பனியன் கம்பெனி, தறிக்கூடம், கோழித்தீவன ஆபீஸ், மஞ்சள் குடோன் என எங்கே போனாலும் ஒரு மூலையில் அந்தச் சின்னப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பில் வரவில்லை, பிரிண்ட் வரவில்லை என்று போன் வந்தால், "பெட்டியில எந்த லைட்டு எரியுதுங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பல நேரம் அதற்குப் பதில் இருக்காது. அதற்குள் யாராவது எல்லாக் கேபிளையும் உருவி இடம் மாற்றிச் செருகியிருப்பார்கள். எது கெட்டது என்று காட்டிக்கொண்டிருந்த தடயமும் அதோடு போய்விடும்.

கேபிளில் கை வைப்பதற்கு முன் லைட்டைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கோளாறை நீங்களே பிடித்துவிடலாம். அதற்காகத்தான் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இந்தக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஏனுங்ணா, இந்த ஹப்புங்கறது என்னதாங்க பண்ணுது?

கேபிள் செருகுகிற ஓட்டைகளில் ஒன்றில் வந்த மின்சைகையைச் சுத்தப்படுத்தி, மற்ற எல்லா ஓட்டைகளிலும் திரும்ப அனுப்புகிறது. அவ்வளவுதான். யாருக்குப் போக வேண்டிய தகவல் என்று அதற்குத் தெரியாது, பார்க்கவும் பார்க்காது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் "பவானி, பவானி" என்று கூவினால் நிற்கிற எல்லோர் காதிலும் விழுகிறது, பவானி போகிறவர் மட்டும் ஏறுகிறார். அதே மாதிரி ஹப்பில் ஒரு கம்ப்யூட்டர் பேசினால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கேட்கும். தன் முகவரி போட்டது எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றும் விட்டுவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அப்புறம், பெட்டியின் வேகம் எல்லோருக்கும் பொது. 10 மெகாபிட் (நொடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்கிற வேகம்) ஹப்பில் எட்டுக் கம்ப்யூட்டர் இருந்தால் எட்டும் அந்தப் பத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

சுவிட்சும் பாக்கறதுக்கு இதே மாதிரிதானுங்களே இருக்குது? எது ஹப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் ஹப் என்றோ சுவிட்ச் என்றோ போட்டிருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் முன்பக்கம் பாருங்கள். பெட்டி முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு சி.ஓ.எல். லைட் (மோதலைக் காட்டுவது) இருந்தால் அநேகமாக ஹப். ஓட்டைக்கு ஒன்றாக எஃப்.டி.எக்ஸ்./சி.ஓ.எல். என்று லைட் இருந்தால் அது சுவிட்ச்.

எஃப்.டி.எக்ஸ். என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும் என்று பொருள். அது ஹப்புக்கு முடியாத காரியம். யாருக்கு எது என்று பார்த்து அந்த ஓட்டைக்கு மட்டும் அனுப்புவது சுவிட்ச். கடையில் இப்போது புதிதாகக் கிடைப்பதெல்லாம் சுவிட்ச்தான், ஆனால் நம்ம ஊரில் வாய்ப்பழக்கத்தில் அதையும் ஹப் என்றே சொல்கிறோம். போனில் சொல்லும்போது ஸ்டிக்கரைப் பார்த்துச் சொன்னால் வருகிறவருக்கு ரொம்ப உதவி.

முன்னாடி இத்தனை லைட்டு இருக்குதே, எது எதுக்குங்க?

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். பவர் லைட் பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று சொல்லும். லிங்க் லைட் ஓட்டைக்கு ஒன்று. கேபிளின் அந்த முனையில் உயிரோடு ஒரு நெட்வொர்க் கார்டோ (கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் பாகம்) இன்னொரு பெட்டியோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். 10 மெகாபிட்டில், பேச எதுவும் இல்லாத நேரத்திலும் சுமார் 16 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஒரு சின்னத் துடிப்பு கேபிளில் போய்க்கொண்டே இருக்கும். அது வந்து சேர்கிற வரை லிங்க் எரியும், நின்றால் அணையும்.

ஆக்டிவிட்டி லைட் தகவல் போகும்போது மினுக்கும். பல பெட்டிகளில் லிங்கும் இதுவும் ஒரே லைட்தான்: நிலையாக எரிந்தால் இணைப்பு, மினுக்கினால் போக்குவரத்து. அதில் லிங்க்/ஆர்.எக்ஸ். என்று அச்சிட்டிருந்தால் அந்த ஓட்டையில் இருக்கும் கம்ப்யூட்டர் பேசும்போது மட்டும் மினுக்கும். இது அருமையான வசதி. எந்தக் கம்ப்யூட்டர் ஓயாமல் பேசி மற்றவர்களை நிறுத்தி வைக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சி.ஓ.எல். லைட் மோதலைச் சொல்வது, பி.ஏ.ஆர்.டி. லைட் ஒரு ஓட்டையைப் பெட்டியே ஒதுக்கி வைத்திருப்பதைச் சொல்வது. இரண்டையும் கீழே விரிவாகச் சொல்கிறேன். பெரிய பெட்டிகளில் சதவீதம் போட்டு ஒரு வரிசை லைட் இருக்கும், லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதற்கு.

பச்சை எரிஞ்சா நல்லது, ஆரஞ்சு எரிஞ்சா கோளாறுங்களா?

இல்லைங்க. பல பெட்டிகளில் பச்சை என்றால் 100 மெகாபிட், ஆரஞ்சு என்றால் 10 மெகாபிட். சிலதில் இது தலைகீழ். இன்னும் சிலதில் 100 என்று எழுதிய தனி லைட் இருக்கும், அது அணைந்திருந்தால் 10 என்று பொருள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், லைட்டுக்குப் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள்.

நேற்று வரை 100 காட்டிய ஓட்டை இன்று 10 காட்டினால்தான் கவனிக்க வேண்டும். கேபிளோ முனையோ நைந்திருக்கலாம், அல்லது அடுத்த கேள்வியில் வருகிற காரணமாக இருக்கலாம்.

கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டேனுங்க, ஆனா ஹப்புல அந்த லைட்டு மட்டும் எரிஞ்சிட்டே இருக்குது?

பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாலும் சுவரில் பிளக் இருக்கிற வரை நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், தூரத்திலிருந்து எழுப்புகிற வசதிக்காக. அப்போது பல கார்டுகள் 10 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அதனால் நிறமும் மாறலாம். சுவரில் பிளக்கை அணைத்தால் லைட்டும் போய்விடும்.

சி.ஓ.எல்.-னு போட்ட லைட்டு விட்டு விட்டு எரியுதுங்க. பெட்டி போச்சுங்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெட்டி போகவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்று முதல் பதிலில் சொன்னேன். இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நொடியில் வாயைத் திறந்தால் சைகைகள் மோதும், அதுதான் அந்த லைட். மோதியதை இரண்டும் உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். ஆளுக்கொரு சின்ன இடைவெளி விட்டுத் திரும்பப் பேசும். அந்த இடைவெளி குலுக்கல் முறையில் வருவதால் மறுபடி மோதும் வாய்ப்பு குறைவு. திரும்பவும் மோதினால் காத்திருக்கும் நேரத்தின் எல்லை இரட்டிப்பாகும். இப்படி 16 முயற்சி வரை பார்த்துவிட்டுத்தான் கார்டு கைவிடும்.

இது தவறிப்போய் வந்த குறை என்று நினைக்க வேண்டாம். 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவரோடு டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கியபோதே, மோதல் வரும், வந்தால் ஒதுங்கித் திரும்ப முயலலாம் என்றுதான் அமைத்தார்கள். ஹப் அந்த வழியில்தான் ஓடுகிறது.

எப்போது கவலைப்படலாம்? லைட் மினுக்காமல் நிலையாக எரிந்தால். அல்லது இரண்டே கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் ஓயாமல் மினுக்கினால். மாதக் கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் கணக்கு முடிக்கிற நாளில் அதிகம் எரிவது இயல்பு.

பி.ஏ.ஆர்.டி. லைட்டு எரியற ஓட்டை செத்துப்போச்சுன்னு அர்த்தமுங்களா?

ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஓட்டையில் தொடர்ந்து 30-க்கு மேல் மோதல் வந்தால் 10 மெகாபிட் ஹப் அதை மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடும், மீதி ஆபீஸ் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. கேபிளையோ கார்டையோ சரிசெய்து அந்த ஓட்டையில் ஒழுங்கான தகவல் போனால் பெட்டி தானாகவே சேர்த்துக்கொள்ளும். பெட்டியை ஆஃப் செய்து போட்டால் லைட் அணையும், ஆனால் காரணம் அங்கேயே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப எரியும்.

கடைசியில அப்லிங்க்-னு ஒரு ஓட்டை இருக்குதுங்களே, அதுல கம்ப்யூட்டர் போடலாங்களா?

நேர்க் கேபிளில் (இரண்டு முனையிலும் கம்பி ஒரே வரிசையில் இருப்பது) கம்ப்யூட்டரைப் போட்டால் லிங்க் லைட் எரியாது. கம்ப்யூட்டர் 1, 2 ஊசிகளில் அனுப்பி 3, 6-ல் வாங்கும். ஹப்பின் சாதாரண ஓட்டை இதற்கு நேர் எதிராக உள்ளேயே மாற்றிப் போடப்பட்டிருக்கும், அதனால் நேர்க் கேபிள் போதும். ஆனால் இரண்டு ஹப்பைச் சாதாரண ஓட்டைகளில் இணைத்தால் அனுப்புகிற ஊசி அனுப்புகிற ஊசியோடு சேரும், லைட் எரியாது. அதற்காகத்தான் மாற்றம் இல்லாத அப்லிங்க். ஒரு பெட்டியின் அப்லிங்கிலிருந்து மறு பெட்டியின் சாதாரண ஓட்டைக்கு நேர்க் கேபிள் போடுங்கள். இரண்டு பக்கமும் அப்லிங்க் போட்டால் பழைய கதைதான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: பல பெட்டிகளில் அப்லிங்கும் பக்கத்து ஓட்டையும் உள்ளே ஒரே இணைப்பு. ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது காலியாக இருக்க வேண்டும். எட்டு ஓட்டைப் பெட்டியில் ஒன்பது துளை இருப்பதைப் பார்த்து ஒன்பதாவதையும் நிரப்பிவிட்டு, இரண்டும் வேலை செய்யவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். சிலதில் அப்லிங்குக்குப் பதில் ஒரு பித்தான் இருக்கும். புதிய சுவிட்சுகள் இதைத் தாமாகவே புரிந்துகொள்ளும்.

கேபிள் எவ்வளவு தூரம் இழுக்கலாம், ஹப்பு எத்தனை வரிசையாப் போடலாங்க?

ஒரு கேபிள் 100 மீட்டர் வரை. 10 மெகாபிட்டில் எந்த இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவிலும் நான்கு ஹப்புக்கு மேல் கூடாது. 100 மெகாபிட்டில் இது இன்னும் இறுக்கம். பெட்டியில் ஒரு வட்டத்துக்குள் ரோமன் எண் இருக்கும். ஒன்று என்றால் அந்த ஹப் ஒன்றே ஒன்றுதான் போடலாம். இரண்டு என்றால் இரண்டு பெட்டி போடலாம், நடுவில் கேபிள் 5 மீட்டர், முனைக்கு முனை மொத்தம் 205 மீட்டர்.

காரணம் மோதல்தான். தூரத்தில் நடந்த மோதல், அனுப்பியவர் 512 பிட் அனுப்பி முடிப்பதற்குள் அவர் காதுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். 10 மெகாபிட்டில் அதற்கு 51.2 மைக்ரோ செகண்ட் இருக்கிறது, 100-ல் 5.12 மட்டும். கட்டிங் செக்‌ஷனில் ஒரு ஹப், செக்கிங்கில் ஒன்று, பேக்கிங்கில் ஒன்று என்று தேவைப்படும்போதெல்லாம் வாலில் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டே போன யூனிட்களில், ஒவ்வொரு பெட்டியும் நன்றாக இருந்தும் கடைசியில் இருப்பவருக்கு மட்டும் தகவல் விட்டு விட்டு வருவது இதனால்தான்.

ஹப்புல லைட்டு எரியலீங்க, ஆனா கம்ப்யூட்டர் பின்னாடி எரியுது. அதெப்படி?

கேபிளில் போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி. 10 மெகாபிட்டில் ஒவ்வொரு பக்கத்து லைட்டும் தனக்கு வருகிற ஜோடியை மட்டும் வைத்து எரியும். ஹப்பிலிருந்து போகிற ஜோடி நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரிலிருந்து வருகிற ஜோடி எங்கோ அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் 1, 2 ஊசிகளில் இருக்கும் கம்பிகளைப் பாருங்கள். மேஜைக் காலோ தள்ளுவண்டிச் சக்கரமோ ஏறிய இடம் இருந்தால் அங்கேதான் அறுந்திருக்கும்.

லிங்க் லைட்டு நல்லா எரியுதுங்க, ஆனா ஃபைல் காப்பி பண்ணுனா நகரவே மாட்டேங்குது?

இதில் தடுமாறாதவர்கள் இல்லை. லிங்க் லைட் இணைப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, இணைப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. நான் கண்ட காரணங்களில் முதலாவது, முனை அடித்த விதம். எட்டுக் கம்பியையும் ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்து இரு பக்கமும் ஒரே மாதிரி அடித்தால் கேபிள் டெஸ்டர் எட்டு லைட்டும் சரி என்று காட்டும், லிங்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே ஜோடி முறுக்கில் இருக்க வேண்டும், அப்படி அடித்தால் அவை வேறு வேறு ஜோடிக்குப் போய்விடும். முறுக்கு இல்லாத கம்பி பக்கத்து ஜோடியின் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இரண்டு முனையையும் வெட்டி இப்படி அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கார்டின் செட்டிங். யாராவது வேகம் கூடும் என்று நம்பி கம்ப்யூட்டரில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (முன்பு சொன்ன எஃப்.டி.எக்ஸ்.) என்று கட்டாயமாக வைத்திருப்பார்கள். ஹப் ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஃபுல் வைத்த கார்டு அடுத்தவர் பேசுகிறாரா என்று கேட்காமல் தன் பாட்டுக்கு அனுப்பும், பாதித் தகவல் உடையும். பிங் (ஒரு சின்னச் சோதனைத் தகவல்) போட்டால் ஒழுங்காக வரும், பெரிய ஃபைல் மட்டும் ஊர்ந்து போகும். ஆட்டோ என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

திடீர்னு எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சு ஆபீஸே நின்னுபோச்சுங்க. எங்கிருந்து தேடறது?

சி.ஓ.எல். நிலையாக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, கெட்டுப்போன கார்டு நிறுத்தாமல் கத்திக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, கேபிள் சுற்றி வந்து அதே பெட்டிக்குள் செருகப்பட்டிருக்கலாம். ஒரு தறிக்கூட ஆபீஸில் இதற்காக மூன்று மணி நேரம் அலைந்திருக்கிறேன். கூட்டிப் பெருக்கும்போது தரையில் கிடந்த ஒரு முனையை, கழன்றுவிட்டது என்று நினைத்து யாரோ நல்ல மனதோடு காலியாக இருந்த அப்லிங்கில் செருகியிருந்தார்கள். மறுமுனை அதே பெட்டியில் மூன்றாவது ஓட்டையில். பேசின சைகை சுற்றி வந்து தன்னோடே மோதிக்கொண்டிருந்தது.

தேடும் வழி: முதலில் முன்பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுங்கள், எது எங்கே இருந்தது என்று பிறகு தெரிய வேண்டும். அப்புறம் பாதிக் கேபிளை உருவுங்கள். லைட் அடங்கினால் கோளாறு உருவிய பாதியில், அடங்காவிட்டால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 ஓட்டை என்றால் நாலு தடவையில் பிடிபட்டுவிடும்.

அடாப்டர் போச்சுன்னு வீட்ல இருந்த வேற ஒண்ணைப் போட்டேனுங்க. பவர் லைட்டு மங்கலா எரியுது?

உடனே எடுத்துவிடுங்கள். ஹப்புகளில் 5, 7.5, 9, 12 வோல்ட் என்று பலவிதம் உண்டு, பின் மட்டும் ஒரே அளவில் இருக்கும். வோல்ட் அதேதாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்று ஸ்டிக்கரில் வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அதுவும் பொருந்த வேண்டும். சிலது டி.சி. இல்லாமல் ஏ.சி. அடாப்டராகவே இருக்கும், அதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

நேத்து ராத்திரி இடி இடிச்சுதுங்க. காலைல பார்த்தா ரெண்டு ஓட்டை மட்டும் வேலை செய்யலை?

ஐப்பசி மழையிலும் சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் இந்த போன் தப்பாமல் வரும். அந்த இரண்டு ஓட்டையின் கேபிளும் வெளியே போகிறதா என்று பாருங்கள். ஆபீஸிலிருந்து குடோனுக்கு, தறிக்கூடத்துக்கு என்று கட்டடம் விட்டுக் கட்டடம் வெட்டவெளியில் போகிற செம்புக் கேபிள், பக்கத்தில் எங்கோ விழுந்த இடியையும் உள்ளே கூட்டி வந்துவிடும். நேராக விழ வேண்டியதில்லை. அப்படி அடிபட்ட ஓட்டையில் லிங்க் எரியாது, சிலதில் ஒன்றுமே செருகாமல் எரிந்துகொண்டே இருக்கும். மற்ற ஓட்டைகள் ஓடினாலும் அந்தப் பெட்டியை இனி நம்ப வேண்டாம்.

கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள் என்பதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடி இழையில் கரண்ட் போகாது. இரண்டு முனையிலும் ஒளியையும் மின்சைகையையும் மாற்றிக் கொடுக்கிற ஒரு கன்வெர்ட்டர் வைத்தால் போதும், அதற்கும் லிங்க் லைட் இருக்கும்.

பஞ்சு அடைச்சுக்கிட்டா பெட்டி கெட்டுப்போயிடுங்களா?

மெல்லக் கெடும். நிட்டிங், தறி, கட்டிங் இருக்கும் இடங்களில் காற்றுத் துளைகளில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்து, சூடு வெளியே போகாது. மத்தியானம் மூன்று மணிக்கு நின்று, ராத்திரி தானாக ஓடுகிற பெட்டி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மாதம் ஒரு தடவை கரண்டை எடுத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காலி ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஊசிகளில் பஞ்சு சிக்கினால் லிங்க் விட்டு விட்டு எரியும்.

பின்னாடி டிவி கேபிள் மாதிரி ஒரு வட்ட முனை இருக்குது, அது எதுக்குங்க?

பழைய கோஆக்ஸ் நெட்வொர்க்குக்கு. ஒரே கேபிள் 185 மீட்டர் வரை போகும், வழியில் எல்லாக் கம்ப்யூட்டரும் தொங்கும், இரண்டு கடைசியிலும் 50 ஓம் மூடி இருக்க வேண்டும். டிவி கேபிள் 75 ஓம், அதை இதில் மாட்டக் கூடாது. இன்று யாருக்கும் தேவைப்படாது.

இன்னும் ஹப்பையே வச்சுக்கலாங்களா, இல்லை மாத்திரலாமா?

பில் போடுகிற இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் மட்டும் என்றால் ஓடுகிற வரை ஓடட்டும். கேமரா, பெரிய டிசைன் ஃபைல், பார்கோடு சர்வர் என்று ஏதாவது சேர்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு கேமரா ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் வாய் திறக்க முடியாது. சி.ஓ.எல். லைட் அதைக் காலையிலிருந்து மாலை வரை காட்டிக்கொண்டிருக்கும்.

மாற்றிய பழைய ஹப்பைத் தூக்கிப் போடாமல் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். எல்லோர் பேச்சும் எல்லா ஓட்டையிலும் கேட்கும் என்பதால், கோளாறான ஒரு இயந்திரத்தையும் என் லேப்டாப்பையும் அதில் போட்டு வயர்ஷார்க்கை (கேபிளில் போகும் தகவலைப் பார்க்க உதவும் மென்பொருள்) திறந்தால் அது என்ன பேசுகிறது என்று அப்படியே தெரியும். சாதாரண சுவிட்சில் அது கேட்காது. என் பையில் அதற்காகவே ஒரு நான்கு ஓட்டை ஹப் எப்போதும் இருக்கும், அதன் அடாப்டரோடு சேர்த்துக் கட்டி.